புள்ளியும் பொழுதும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. இன்று நாம் துணியைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். இதனால் மரபு குலைந்துவிடாது. நூல் என்னும் சொல் ஏட்டுக்கும் இழைக்கும் பொதுவானதன்றோ? நன்னூல் செய்த பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் வைத்தே ஏட்டு நூலுக்கு விளக்கம் தந்தார். ஆகவே துணியைப் பேசுவது தமிழுக்குப் புறம்பான செயல் ஆகாது.

நாம் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவர்கள். கலையை ஆராய்வது நம் தொழிலன்று. கூட்டிக் கழித்துப் பார்ப்பதே நம் தொழில். நம் காலனியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, நெசவுத்துணி வடிவமைப்புப் படிப்பில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்து வருகிறாள். ‘புராஜெக்ட்’ என்று பிள்ளைகள் சொல்வது இதனைத்தான். அதற்காக அவள் எழுதிவரும் குறிப்பேட்டைக் கணக்குச் சரிபார்க்கும்படி நம்மிடம் கொடுத்தாள். அந்த ஏட்டில் கண்டதையே இங்கே சொல்லப் போகிறோம். பணி இன்னும் முடியவில்லை. முடிந்தபின் பாராட்டுவது எளிது. பாதி வழியில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதை அறிவதே நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன் தரும் என்று எண்ணுகிறோம்.

“துணியில் பூப்போட ஒரு படிப்பா?” என்று நம் காலனியில் கேட்பவர் உண்டு. இதற்கு இந்த அகமதாபாத் நகரமே விடை சொல்லும். 1861-இல் ரண்சோட்லால் சோட்டாலாலின் பருத்தி ஆலை இங்கே ஓடத் தொடங்கியது. பின்னர் ஆலைகள் பெருகி, ஆலைச் சங்கே ஊருக்குக் கடிகாரமாயிற்று. 1947-இல் நெசவுத் தொழிலுக்கென்றே ‘அடிரா’ என்னும் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதனைத் தொடக்கத்தில் நடத்தியவர், பின்னாளில் விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்ட விக்ரம் சாராபாய் அவர்களே. 1949-இல் காலிகோ துணி அருங்காட்சியகம் அமைந்தது. 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. நூற்றாண்டு கடந்த இந்த வரலாற்றில் ஆலைகள் பல 1980-களிலும் 1990-களிலும் மூடப்பட்டன. ஆயினும் துணியைப் பற்றிய அறிவு ஊரைவிட்டுப் போகவில்லை. அது கல்லூரிகளிலும் கைவினைஞர் வீடுகளிலும் தங்கியிருக்கிறது. நம் மாணவி பயில்வதும் அத்தகைய கல்லூரி ஒன்றிலேதான்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் மதுரைச் சுங்குடி. பருத்தித் துணியைச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால், கட்டுண்ட இடமெல்லாம் வெண்புள்ளியாக மலரும். அதுவே சுங்குடி. 2005-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் தாய்மார்களின் பெட்டியில் ஒரு சுங்குடிப் புடவையேனும் இருக்கும். வெயிலுக்கு உகந்தது, உடலுக்கு இதமானது என்று இங்குள்ள கோடைக்கும் அதனையே நாடுகிறார்கள்.

மதுரைப் பொருளை ஆராய அகமதாபாத் எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு சுவையான தொடர்பு இருக்கிறது. மதுரையில் சுங்குடித் தொழிலை வளர்த்தவர்கள் சௌராஷ்டிர சமூகத்தார். நாயக்கர் ஆட்சிக் காலத்தில் மதுரையில் வேரூன்றி, திருமலை நாயக்கர் அரண்மனையைச் சுற்றிய தெருக்களில் தறியும் சாயத்தொட்டியுமாக வாழ்ந்தவர்கள். வீட்டில் சௌராஷ்டிர மொழி, வீதியில் தமிழ். பாடகர் டி. எம். சௌந்தரராஜனும் எழுத்தாளர் எம். வி. வெங்கட்ராமும் அந்தச் சமூகம் தமிழுக்குத் தந்த செல்வங்கள். அவர்களுடைய முன்னோரின் நாடு எனப் பெயரிலேயே நிற்பது நாம் இன்று வாழும் இந்தக் குசராத்து.

நெசவாளர் ஊர்விட்டு ஊர் போவது புதிய செய்தியன்று. தென் குசராத்தாகிய லாட நாட்டினின்று பட்டு நெசவாளர் குழுவொன்று தசபுரத்துக்குக் குடிபெயர்ந்தது. அது இன்று மத்தியப் பிரதேசத்தில் உள்ள மந்தசோர் ஆகும். அக்குழுவினர் கி.பி. 437 அளவில் அங்கே கதிரவனுக்குக் கோயில் எடுத்தார்கள். 473 அளவில் அதனைப் புதுப்பித்தார்கள். இச்செய்தியை வத்சபட்டி என்னும் கவிஞர் பாடிய கல்வெட்டு சொல்கிறது. பிழைக்கப் போன ஊரில் கோயிலும் எழுப்பி, கவிஞரைக் கொண்டு பாடவும் செய்த அவர்களைப் படிக்கும்போது, சங்கம் அமைத்து ஆண்டு மலர் வெளியிடும் நமக்கு அவர்கள் அயலாராகத் தோன்றவில்லை.

2023 ஏப்ரலில் சௌராஷ்டிர–தமிழ்ச் சங்கமம் சோமநாதத்தில் தொடங்கி நடைபெற்றது. மதுரையிலிருந்து வேராவலுக்குச் சிறப்பு வண்டிகள் ஓடின. இரயில்வேயில் பணிபுரிபவர்கள் என்ற முறையில் அதனை நினைத்து நாம் பெருமை கொள்கிறோம்.

இங்கே கச்சிலும் ஜாம்நகரிலும் பாந்தனி என்னும் கட்டுச்சாயத் துணி புகழ் பெற்றது. மணப்பெண் அணியும் புள்ளியிட்ட மேலாடையைக் குசராத்தியில் ‘சூந்தடி’ என்பார்கள். சூந்தடி, சுங்குடி என்று அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். செவிக்கு அவை அக்காள் தங்கை போல ஒலிக்கவில்லையா? இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் கற்று, இக்காலப் பெண்கள் அணியத்தக்க ஆறு துப்பட்டாக்களை உருவாக்குவதே மாணவியின் திட்டப்பணி.

இனி அவளுடைய முன்னேற்றத்தைக் காண்போம்.

முதற்கட்டம், பார்த்து வருதல். மதுரைக்குச் சென்று ஒரு மாதம் தங்கினாள். கச்சுக்குச் சென்று இரண்டு வாரம் தங்கினாள். இரண்டு இடத்திலும் அவள் கண்டது ஒன்றே. முடிச்சுக் கட்டுபவர்கள் பெண்கள். அவர்கள் வேலை செய்வது வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும். அடுப்பில் உலை கொதிக்கும்போது பத்து முடிச்சு, குழந்தை உறங்கும்போது நூறு முடிச்சு என்று நாளின் இடுக்குகளிலெல்லாம் அந்த வேலை நுழைந்திருக்கிறது. கடையில் துணியைக் காண்பவர்க்கு அந்த வீடுகள் தெரிவதில்லை. மேலும் மதுரைக் கடைகளில் சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றுள் மெழுகு அச்சு வைத்துச் சாயமிட்டவையும், அச்சிட்டவையும் மிகுதி என்பதையும், கையால் முடிச்சிட்டது அரிதாகி வருகிறது என்பதையும் அவள் குறித்திருக்கிறாள்.

இரண்டாம் கட்டம், மாதிரி செய்தல். இந்தப் பக்கங்கள் தோல்விகளால் நிரம்பியவை. முதல் மாதிரியில் துணி திட்டுத்திட்டாகச் சாயம் ஏற்றது. காரணம், துணியில் இருந்த கஞ்சி முழுவதும் நீங்கவில்லை. கஞ்சி இருக்குமிடத்தில் சாயம் புகாது. அடுத்த முறை சோடா இட்டுக் கொதிக்கவைத்து, அலசி, மீண்டும் அலசிய பிறகே தொட்டிக்குக் கொண்டுபோனாள். இரண்டாம் மாதிரியில் முடிச்சு தளர்ந்திருந்தது. சாயம் உள்ளே கசிந்து, வெண்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் மங்கிய கறை நின்றது. மூன்றாவதில் புள்ளி நன்றாகவே விழுந்தது. ஆனால் துணி உலருமுன் கத்தரிக்கோலால் நூலை வெட்டப் போய், துணியும் சேர்ந்து கிழிந்தது. உலர்ந்தபின் துணியைக் குறுக்கே பற்றிச் சட்டென்று இழுத்தால் முடிச்சுகள் சரம் வெடிப்பதுபோல் தாமே அவிழும் என்பதை அதன்பின் பழகிக்கொண்டாள்.

சாயத்திலும் இவ்வாறே. வெந்நீரில் நெடுநேரம் ஊறினால் கட்டுக்குள் சாயம் புகுந்துவிடுகிறது. எனவே உப்பும் சோடாவும் துணைநிற்க, சூடில்லாத நீரிலேயே பருத்தியைப் பற்றிக்கொள்ளும் சாயத்தைத் தேர்ந்தாள். அரக்கு நிறமும் கருநீலமும் அமைந்தன. ஒவ்வொரு தோல்விக்கும் எதிரே தேதி, துணியின் எடை, சாயத்தின் அளவு, ஊறிய நிமிடம் ஆகியவற்றை எழுதிவைத்திருக்கிறாள். தோற்ற துண்டுகளை எறியாமல் அந்தந்தப் பக்கத்திலேயே தைத்து வைத்திருக்கிறாள். நம் அலுவலகத்தில் பல ஆண்டு பதிவேடு பார்த்த கண்ணுக்கு, இதனினும் நேர்மையான பதிவேடு அரிதாகவே பட்டிருக்கிறது.

மூன்றாம் கட்டமே முக்கியமானது. பணியின் நடுவே ஆசிரியர் குழு மாணவர்களின் வேலையைப் பார்வையிடும். நம் மாணவி காகிதத்தில் தீட்டிய வரைபடத்தை வைத்தாள். துணி முழுவதும் நெருக்கமான புள்ளிகள்; விண்மீன் கூட்டம் போன்ற அழகு. ஆசிரியர்களுள் ஒருவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “இதனை ஒரு பெண் கட்டி முடிக்க எவ்வளவு நேரமாகும்?” மாணவியிடம் விடை இல்லை. அன்று மாலைதான் குறிப்பேடு நம் வீட்டுக்கு வந்தது.

தாய்மார்களே! இந்தக் கணக்கை நீங்களும் உடன் போட்டுப் பாருங்கள். துப்பட்டாவின் நீளம் 100 அங்குலம், அகலம் 40 அங்குலம். அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்தால், நூறும் நாற்பதும் பெருக்க 4,000 முடிச்சு. பழகிய கை நிமிடத்துக்கு 5 முடிச்சு கட்டும் என்று கொள்வோம். 800 நிமிடம், அதாவது 13 மணி 20 நிமிடம். மாணவி வரைந்ததோ அரை அங்குலத்துக்கு ஒரு புள்ளி. இடைவெளி பாதியாகிவிட்டது, வேலை இரு மடங்கு ஆகும் என்றே எவரும் நினைப்பர். அப்படியன்று. நீளத்தில் 200 வரிசை, அகலத்தில் 80 வரிசை; மொத்தம் 16,000 முடிச்சு. நான்கு மடங்கு! 3,200 நிமிடம், அதாவது 53 மணி 20 நிமிடம். மார்கழியில் வாசலில் புள்ளிக் கோலம் இடுபவர்க்கு இது உடனே விளங்கும். வரிசைக்குப் பதினொரு புள்ளியை இருபத்திரண்டாக்கினால் குனிந்த இடுப்பு எத்தனை நேரம் குனிந்திருக்கவேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

காகிதத்தில் பென்சில் அரை அங்குலம் நகர்ந்தது. அந்த அரை அங்குலத்துக்காக எங்கோ ஒரு திண்ணையில் ஒரு பெண் கூடுதலாக 40 மணி நேரம் அமரவேண்டும். இதுவே இவ்வுரையின் மையம். வடிவமைப்பு என்பது அழகைத் தீட்டுவது மட்டுமன்று. பிறருடைய பொழுதைச் செலவிடும் அதிகாரமும் ஆகும். அதிகாரம் உள்ளவர் கணக்கு அறிந்திருக்க வேண்டும். இந்த உண்மையை அவள் உணர்ந்த நாளையே அவளுடைய பணி உண்மையாக முன்னேறிய நாள் என்று நாம் மதிக்கிறோம்.

இனி அவளுக்கு முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. ஒன்று, புள்ளிகளைக் கணினியில் வைத்து அச்சிட்டுவிடுவது. ஒரு வாரத்தில் பணி முடிந்துவிடும். உறவினர் பலர் இதனையே வற்புறுத்தினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாணவியின் தந்தை நம்மைப்போல் இரயில்வே ஊழியர். பணி ஓய்வுக்கு இன்னும் 14 மாதமே உள்ளது. ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். பெண்ணின் படிப்பு ஓர் அரையாண்டு நீண்டால் இன்னொரு முறை கட்டணம் கட்ட வேண்டும். அச்சிட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகலாமே என்று அவர்கள் சொன்னது அன்பினாலேதான். இரண்டாம் வழி, நெருக்கமான புள்ளிகளை அப்படியே வைத்துக்கொண்டு, கட்டுபவரின் கூலியைக் குறைப்பது. சந்தையில் பலர் செய்வது இதுவே.

அவள் இரண்டையும் மறுத்தாள். தந்தையார் என்ன சொன்னார் தெரியுமா? “கைகாட்டி இறங்குமுன் வண்டியை எடுக்கச் சொல்ல மாட்டேன்” என்றார். இரயில்வேக்காரர் வாயிலிருந்து இதனினும் நல்ல விடை வருமா?

மூன்றாவது வழியை அவள் பழைய புடவைகளிலேயே கண்டெடுத்தாள். பழைய சுங்குடியை விரித்துப் பார்த்தால் முந்தானையில் புள்ளி நெருங்கியும் உடலில் அருகியும் இருப்பது தெரியும். கண் தங்கும் இடத்தில் உழைப்பைக் கூட்டி, மடிப்பில் மறையும் இடத்தில் குறைக்கும் அறிவு அது. அவ்வாறே இரு தலைப்பிலும் 15 அங்குலத்துக்கு மட்டும் அரை அங்குலப் புள்ளிகள். ஒரு தலைப்புக்கு 2,400, இரண்டுக்கும் 4,800. நடுவில் உள்ள 70 அங்குலத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி; அது 700. ஆக மொத்தம் 5,500 முடிச்சு, 1,100 நிமிடம், 18 மணி 20 நிமிடம். முதல் வரைபடத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அழகு மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டதா என்றால் இல்லை. நடுவில் வெளி பிறந்ததால் தலைப்பின் நெருக்கம் முன்னினும் எடுப்பாகத் தெரிகிறது. இரண்டையும் கண்ணால் கண்டே இதனைச் சொல்கிறோம்.

அடுத்து, யார் கட்டுவது? நம் காலனியின் தாய்மார் 14 பேர் முன்வந்தார்கள். மாலை ஐந்து மணிக்குக் கூடி, ஏழு மணிக்கு வீடு திரும்பினார்கள். அவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். முதல் துப்பட்டாவில் நிமிடத்துக்கு 2 முடிச்சே வந்தது. 2,750 நிமிடம் ஆயிற்று. இரண்டாவதில் 3 முடிச்சு; ஏறத்தாழ 1,830 நிமிடம். மூன்றாவதில் 4 முடிச்சு, 1,375 நிமிடம். நான்காவதில் 5 முடிச்சை எட்டினார்கள், 1,100 நிமிடம். கச்சிலும் மதுரையிலும் தலைமுறையாகக் கட்டும் விரல்களின் வேகத்துக்கு இது ஈடாகாது. ஆயினும் சில வாரப் பழக்கத்துக்கு இது சிறிய செயலன்று.

கூலி பற்றிய பேச்சு வந்தபோது தாய்மார்கள் சிரித்தார்கள். “நம் வீட்டுப் பெண்ணுக்குச் செய்வதற்குக் கூலியா?” என்றார்கள். மாணவி சொன்ன விடையை அப்படியே தருகிறோம்: “பெரியம்மா, நீங்கள் பாசத்துக்காகக் கட்டினால் என் கணக்கில் இந்த உழைப்புக்கு விலை இல்லை என்று ஆகிவிடும். நாளைக்கு மதுரையில் ஓர் அம்மா இதையே கட்டும்போது, அந்தப் பொய்க் கணக்கைக் காட்டித்தான் அவருக்குக் கூலி பேசுவார்கள்.” அதன்பின் எவரும் மறுக்கவில்லை. எளிமை கருதி நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று வகுத்தாள். ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்துச் சேர்த்த தொகையும் தாயார் கொடுத்ததும் சேர்ந்து கூலியாயிற்று. நான்கு துப்பட்டாக்களுக்கும் சேர்த்து 7,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஒருவருக்கு ஏறத்தாழ 500 ரூபாய். தம் பெயருக்கு எதிரே கையொப்பமிட்டுக் கூலி வாங்கியது அவர்களுள் சிலருக்கு வாழ்நாளில் முதல் முறை.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். கூலியை உண்மையில் செலவான நிமிடத்துக்குக் கொடுத்தாள். ஆனால் விற்பனை விலையை நான்காம் துப்பட்டாவின் 1,100 நிமிடத்தை வைத்தே எழுதினாள். பழகும் காலத்தின் செலவைக் கட்டியவரும் சுமக்கலாகாது, வாங்குபவரும் சுமக்கலாகாது, பழக்குவிப்பவரே ஏற்க வேண்டும் என்பது அவள் முடிவு. அவளுடைய விலைப் பட்டியலில் முதல் வரி கூலி. துணி, சாயம், நூல், போக்குவரத்து எல்லாம் அதற்குக் கீழே. மற்றச் செலவெல்லாம் போக மிஞ்சியதைக் கூலி என்று கொடுக்கும் வழக்கத்தை அவள் தலைகீழாக்கியிருக்கிறாள்.

இந்த நகருக்கு இது பொருத்தமான செயலே. 1918-இல் இங்குள்ள ஆலைத் தொழிலாளர் 35 விழுக்காடு கூலி உயர்வு கேட்டு நின்றபோது காந்தியடிகள் அவர்களுக்காக உண்ணாநோன்பு இருந்தார். அனசூயா சாராபாய் அம்மையார் ஆலை முதலாளியான தம் சகோதரருக்கு எதிர்ப்பக்கத்தில், தொழிலாளரோடு நின்றார். 1920-இல் மஜூர் மகாஜன் சங்கம் அமைந்தது. ஆனால் வீட்டில் அமர்ந்து தைப்பவர், கட்டுபவர், ஒட்டுபவர் ஆலைக் கணக்கில் வரவில்லை. அத்தகைய பெண்களையும் சேர்த்து 1972-இல் இந்நகரிலேயே ‘சேவா’ அமைப்பைத் தொடங்கியவர் இலா பட் அம்மையார். வீட்டில் செய்தாலும் உழைப்பு உழைப்பே என்று அவர் நிலைநாட்டினார். நம் மாணவியின் ஏட்டிலுள்ள முதல் வரி, அந்தப் பெரியோர் இட்ட கோட்டின்மேல் எழுதிய வரியாகும்.

இன்றைய நிலை இது. ஆறு துப்பட்டாக்களுள் நான்கு கட்டி முடிந்தன. இரண்டு சாயமேறி, முடிச்சவிழ்ந்து நிறைவு பெற்றன. இரண்டு சாயத்துக்குக் காத்திருக்கின்றன. இரண்டு இன்னும் வெள்ளைத் துணியாகவே உள்ளன. கடைசி மதிப்பீட்டுக்கு ஐந்து வாரமே இருக்கிறது. ஆறும் முடிந்தால் நன்று. ஐந்தே முடிந்தால் ஐந்தை வைத்து, ஆறாவதைத் தொடங்கிய நிலையிலேயே வைப்பேன் என்கிறாள். தேறுவாளா, அரையாண்டு நீளுமா என்பதை இன்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் அவளுடைய ஏட்டில் பொய்க்கணக்கு ஒன்றும் இல்லை என்பதற்கு நாம் சான்று பகர்வோம்.

முடிவாக, காலனிக் குடும்பங்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, பெற்றோருக்கு. பொறியியலும் மருத்துவமும் சிறந்த படிப்புகளே. ஆயினும் பிள்ளை வேறொன்றை விரும்பினால் “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்குமுன் அதன் குறிப்பேட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வேதியியலும் பெருக்கலும் வரலாறும் அறமும் ஒரே துணியில் மடிந்திருப்பதைக் காண்பீர்கள்.

இரண்டாவது, வாங்குபவருக்கு. கட்டிய சுங்குடியையும் அச்சிட்ட சுங்குடியையும் வேறுபடுத்தப் பழகுங்கள். கட்டிய துணியில் ஒரு புள்ளி மற்றொன்றைப்போல் அச்சாக இராது. புள்ளியின் நடுவே பல நேரம் சாயத்தின் சிறு பொட்டு நிற்கும். துவைக்காத துணியில் முடிச்சின் சுருக்கம் கைக்குத் தட்டுப்படும். மறுபக்கத்திலும் புள்ளி தெளிவாக விழுந்திருக்கும். அச்சிட்டதை அச்சிட்டது என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. அதற்கு அந்த விலையைக் கொடுங்கள். கட்டியது என்று தெளிந்தபின் பேரம் பேசும்போது, நீங்கள் குறைக்கச் சொல்வது கடைக்காரரின் இலாபத்தையா, திண்ணையில் அமர்ந்தவளின் மணி நேரத்தையா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, நம் சங்கத்துக்கு. மாலையில் கூடிக் கட்டப் பழகிய 14 தாய்மாரின் விரல்கள் இந்தத் திட்டப்பணியோடு ஓய்ந்துவிடக் கூடாது. சங்கத்தின் சிறிய அறையை வாரம் இருநாள் மாலையில் அவர்களுக்குத் திறந்துவிட ஆட்சிக் குழு இசைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கணக்கு எழுதித்தரும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். அதற்குக் கூலி வேண்டா என்று சொல்ல நினைத்தோம். மாணவி கேட்டால் அதனையும் ஏட்டில் எழுதச் சொல்வாள் என்பதால், எழுதிவிட்டுச் சங்கத்துக்கு நன்கொடையாகத் தருகிறோம்.

மீதமுள்ள இரண்டு வெள்ளைத் துணிகளுக்கும் கைகள் தேவை. விருப்பமுள்ள தாய்மார்கள் நாளை மாலை ஐந்து மணிக்கு வரலாம். நிமிடத்துக்கு ஒரு ரூபாய் உண்டு.